செப்பனிடும் வேலையும் செலவிடும் பணமும்

(ஊராட்சி ஒன்றியப் பொறியாளர்கள், ஊராட்சிச் செயலர்கள், மகளிர் குழுவினர் ஆகியோருக்காக நடைபெற்ற பயிற்சி முகாமில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஒருவர் ஆற்றிய உரை)



புதிய வீடு கட்டுவதென்றால் நம் எல்லோருக்கும் மகிழ்ச்சி. அடிக்கல் நாட்டு விழா உண்டு; திறப்பு விழாவும் உண்டு. பழைய வீட்டைச் செப்பனிடுவதற்கு விழா எடுப்பார் எவருமில்லை. ஆயினும், கட்டிய வீடு நிலைத்து நிற்பதும் இடிந்து விழுவதும் இந்த விழாவற்ற வேலையைப் பொறுத்தே அமைகிறது. ஆகவே இதைப் பற்றிச் சிறிது விரிவாகப் பேச விரும்புகிறேன்.

நமது கிராமங்களில் பொதுப் பணத்தைக் கொண்டு கட்டப்பட்ட வீடுகள் ஏராளம். இந்திரா நினைவுக் குடியிருப்புத் திட்டம் 1985-86-ம் ஆண்டில் தொடங்கிற்று. 1998-ம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் மதுரை மாவட்டம் மேலக்கோட்டையில் முதல் சமத்துவபுரம் திறந்து வைக்கப்பட்டது. சமத்துவபுரம் ஒவ்வொன்றுக்கும் 100 வீடுகள் என்பது திட்டம். இவ்வாறு எழுந்த வீடுகளில் பல கால் நூற்றாண்டைக் கடந்துவிட்டன. 2001-ம் ஆண்டுக்கு முன் கட்டப்பட்ட கிராம வீடுகளைச் சீர்செய்யும் திட்டத்தை அரசு 2024-ம் ஆண்டில் அறிவித்ததும் இக்காரணம் பற்றியே.

இதற்குச் செலவாகும் பணம் யாருடையது? மக்களுடையது. கடையிலே ஒரு சவுக்காரக் கட்டி வாங்கும் கூலித் தொழிலாளியும் வரி செலுத்துகிறார். செப்பனிட வேண்டிய வீட்டில் வசிப்பவரும் அவரே. ஆகவே, பணம் வீணானால் அவருக்கு இருமுறை நட்டம்.

இந்த வேலைகளை நாம் பெரும்பாலும் தனியார் ஒப்பந்தக்காரர்களிடம் ஒப்படைக்கிறோம். இதில் தவறு ஒன்றும் இல்லை. ஒன்றியத்தில் கொத்தனார்களும் சித்தாள்களும் மாதச் சம்பளத்தில் இருக்கவில்லை. அப்படி வைத்துக்கொண்டாலும் ஆண்டு முழுவதும் அவர்களுக்கு வேலை கொடுக்க இயலாது. ஒப்பந்தக்காரரிடம் ஆட்கள் உண்டு, சாரம் உண்டு, தளவாடங்கள் உண்டு. பலர் போட்டியிடும்போது விலையும் குறைகிறது. நமது மாநிலத்தின் ஒப்பந்தப்புள்ளி வெளிப்படைத்தன்மைச் சட்டம் 1998-ல் இயற்றப்பட்டது. அதன் விதிகள் 2000-ல் வந்தன. தகுதியுள்ளோரின் புள்ளிகளை ஒப்பிட்டு, குறைந்த விலை கேட்டவருக்கு வேலையை அளிப்பதே அச்சட்டம் காட்டும் வழி. ஒளிவு மறைவுக்கு இடமில்லாத நல்ல வழி.

அப்படியானால் குறை எங்கே நேருகிறது? என் அனுபவத்தில் நேர்ந்த ஒன்றைக் கூறுகிறேன். அது எனக்குப் பெருமை தரும் நிகழ்ச்சி அன்று.

சில ஆண்டுகளுக்கு முன் வேறோர் ஒன்றியத்தில் நான் பணியாற்றியபோது, ஒரு குடியிருப்பில் 40 வீடுகளைச் செப்பனிட வேண்டியிருந்தது. கோடைக்காலம். நாலைந்து வீடுகளை மட்டும் பார்த்துவிட்டு, அவற்றின் சராசரியை 40-ஆல் பெருக்கி மதிப்பீடு தயாரித்தோம். “உட்கூரைக்குச் சிமெண்டுப் பூச்சு, சுவருக்கு வெள்ளையடித்தல்” என்று அதில் எழுதினோம். மதிப்பீட்டைவிட ஏறத்தாழ கால் பங்கு குறைவாக ஒருவர் விலை கேட்டார். பணம் மிச்சமாயிற்றென்று மகிழ்ந்து கையொப்பமிட்டேன். ஒன்றியக் கூட்டத்தில் பாராட்டுக்கூடக் கிடைத்தது.

ஐப்பசி மழை வந்தது. ஒரு நாள் இரவு, ஒரு வீட்டின் உட்கூரைக் காரை பாளம் பாளமாகப் பெயர்ந்து விழுந்தது. அதன் கீழே ஒரு தொட்டில் இருந்தது. குழந்தைக்குக் காய்ச்சல் என்று பாட்டி தன்னோடு திண்ணைப் பக்கம் கொண்டுபோய்ப் படுக்க வைத்திருந்ததால் உயிர் தப்பிற்று. மறுநாள் காலையில் நான் அங்கே சென்றபோது அந்த அம்மையார், “ஐயா, கம்பியெல்லாம் துரு ஏறிக் கிடக்குதுன்னு பூசும்போதே சொன்னேன். என் பேச்சை யாரு கேட்டாங்க?” என்றார். என்னால் விடை கூற முடியவில்லை.

ஒப்பந்தக்காரரை அழைத்துக் கடிந்துகொண்டேன். அவர் மதிப்பீட்டை எடுத்து என் முன் வைத்தார். “பூச்சு என்றுதானே இதில் எழுதியிருக்கிறது? கம்பியைச் சுரண்டும்படி எங்கே எழுதினீர்கள், ஐயா?” என்று கேட்டார். துருவைக் கண்டும் மூடியது அவருடைய குற்றம். ஆனால் அவர் கேட்ட கேள்வி நியாயமானதே. நாம் எழுதாத வேலைக்கு நாம் விலை கேட்கவில்லை. விலை கேட்காத வேலை நடைபெறவும் இல்லை.

கம்பி துருப்பிடிக்கும்போது அதன் பருமன் பெருகுகிறது. இரும்பைப்போல் இரு மடங்குக்கும் மேலான இடத்தைத் துரு அடைத்துக்கொள்ளும். அந்த அழுத்தம் தாங்காமல் கான்கிரீட்டு வெடிக்கிறது. அதன்மேல் எவ்வளவு நல்ல சிமெண்டைப் பூசினாலும் உள்ளேயுள்ள துரு அதைத் தள்ளிவிடும். தளர்ந்த கான்கிரீட்டைக் கொத்தியெடுத்து, கம்பியைத் தூரிகையால் தேய்த்துத் துப்புரவாக்கி, துரு தடுக்கும் பூச்சிட்டு, தேய்ந்துபோன இடத்தில் புதுக் கம்பி சேர்த்து, பிறகே காரை பூச வேண்டும். அத்துடன், மேல்தளத்தில் நீர் தேங்குவதை நிறுத்தாவிடில் அத்தனையும் வீண். மேலே தளவோடு பெயர்ந்து கிடக்க, கீழே பூசிக்கொண்டிருப்பது ஓட்டைக் குடத்துக்கு வெளியே வண்ணம் தீட்டுவதை ஒக்கும்.

இது நமக்கு மட்டும் நேர்ந்த அனுபவம் அன்று. இங்கிலாந்தில் ஊராட்சி, நகராட்சி மன்றங்களுக்குச் சொந்தமான வாடகை வீடுகள் மிகுதி. அவற்றை மன்றங்களின் சொந்தத் தொழிலாளர்களே செப்பனிட்டு வந்தனர். 1980-ம் ஆண்டுச் சட்டம் ஒன்று, அவ்வேலைகளுக்குத் தனியாருடன் போட்டியிடுமாறு அவர்களைப் பணித்தது. பின்னர் 1999-ம் ஆண்டுச் சட்டம், கட்டாயப் போட்டியைக் கைவிட்டு, விலையுடன் தரத்தையும் சேர்த்து நோக்கும் கடமையை மன்றங்களுக்கு விதித்தது. 2010-ம் ஆண்டு செப்டம்பரில், அங்கே பல மன்றங்களின் வீடுகளைச் செப்பனிட்டு வந்த ஒரு பெரிய நிறுவனமே நொடித்துப்போயிற்று. மன்றங்கள் அவசர அவசரமாக வேறு ஆட்களைத் தேடவேண்டி வந்தது. செல்வம் மிக்க நாட்டிலும் குறைந்த விலை ஒன்றையே நம்பியிருத்தல் போதவில்லை என்பது இதனால் விளங்கும்.

ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு வீட்டை முறையாகச் செப்பனிட 50,000 ரூபாய் ஆகிறது, அது 10 ஆண்டுகள் நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 5,000 ரூபாய். அதே வீட்டுக்கு 38,000 ரூபாயில் மேற்பூச்சு மட்டும் பூசி, அது 2 ஆண்டுகளில் உதிர்ந்தால், ஆண்டுக்கு 19,000 ரூபாய். முதல் நாளில் 12,000 ரூபாய் மிச்சம் என்று ஏட்டில் எழுதலாம். நான் அப்படித்தான் எழுதினேன்.

ஆகவே, நாம் செய்யத்தக்கவை யாவை?

முதலாவது, வீடுதோறும் சென்று பார்த்தே மதிப்பீடு எழுத வேண்டும். மழைக்குப் பின் பார்த்தால் ஒழுகும் இடம் தானே தெரியும். வீட்டுக்காரர்களைக் கேளுங்கள், சிறப்பாகத் தாய்மார்களைக் கேளுங்கள். எந்த மூலையில் பாத்திரம் வைத்து நீரைப் பிடிக்கிறோம் என்பது அவர்களுக்குத் தெரியும்.

இரண்டாவது, கம்பியைத் துப்புரவு செய்தல், புதுக் கம்பி சேர்த்தல், தளவோடு பதித்தல், பூச்சு ஆகியவற்றைத் தனித்தனி இனங்களாக அளவுடன் எழுத வேண்டும். அப்போதுதான் போட்டியிடுவோர் அனைவரும் ஒரே வேலைக்கு விலை கூறுவர்.

மூன்றாவது, வேலையைச் சிறு தொகுதிகளாகப் பிரித்தால் அருகிலுள்ள சிறு ஒப்பந்தக்காரர்களும் போட்டியிட இயலும். மேற்பார்வைக்கு நமக்குச் சற்று அலைச்சல் கூடும். அந்த அலைச்சலுக்காகவே நமக்குச் சம்பளம் அளிக்கப்படுகிறது.

நான்காவது, பூசுவதற்கு முன் பார்க்க வேண்டும். கம்பி வெளியே தெரியும்போதே அளந்து, புகைப்படம் எடுத்து, அளவுப் புத்தகத்தில் பதிய வேண்டும். பூச்சு முடிந்தபின் நல்ல வேலையும் கெட்ட வேலையும் ஒன்றுபோலவே தோன்றும்.

ஐந்தாவது, ஒரு மழைக்காலமாவது கடந்த பிறகே காப்புத் தொகையைத் திருப்பித் தரும் வகையில், குறைபாடுகளைச் சரிசெய்யும் பொறுப்புக் காலத்தை ஒப்பந்தத்திலேயே எழுத வேண்டும். மறுபுறம், நல்ல வேலை செய்தவருக்குப் பணத்தைத் தாமதமின்றி அளிக்கவும் வேண்டும். பட்டியல் தொகைக்காக மாதக்கணக்கில் காத்திருப்பவர், அந்த வட்டியையும் நம் வேலையிலேயே ஈடு செய்வார்.

இறுதியாக, எந்த வீட்டில் என்ன வேலை, எவ்வளவு தொகை என்பதைக் கிராம சபையில் படித்துக் காட்டுங்கள். வீட்டுக்காரரிடம் ஒரு தாளாகவும் கொடுங்கள். தம் வீட்டுக்கு என்ன செய்யப்பட வேண்டும் என்பதை அறிந்த ஒரு தாய், நமது மேற்பார்வையாளர் எவரினும் கண்டிப்பாக நின்று பார்ப்பார்.

அன்பர்களே! வேலையைப் பிறரிடம் ஒப்படைக்கலாம். பொறுப்பு நம்மிடமே தங்கிவிடுகிறது. அந்த 40 வீடுகளையும் அடுத்த ஆண்டில் ஒவ்வொன்றாகப் பார்த்து மறுபடியும் செப்பனிட்டோம். மக்கள் பணம் இரண்டாம் முறையும் செலவாயிற்று. இப்போது எந்த மதிப்பீட்டில் கையொப்பமிடும்போதும் அந்த வெறுந் தொட்டில் என் நினைவுக்கு வருகிறது. அத்தகைய நினைவு உங்களில் எவருக்கும் நேர வேண்டாம். வருகிற மழைக்கு முன் உங்கள் ஊராட்சியிலுள்ள பழைய வீடுகளுக்குள் ஒருமுறை சென்று, நிமிர்ந்து கூரையைப் பாருங்கள். வேலை அங்கிருந்து தொடங்கட்டும்.