நான்கு ஓவியங்களும் ஒரு டயாலிசிஸ் இயந்திரமும்

(இணையவழி இலக்கியச் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

சிட்னியிலும் மெல்பேர்ணிலும் பிற நாடுகளிலும் இருந்து இணைந்திருக்கிறீர்கள், நன்றி. நான் இருந்து பேசும் இந்தச் சிட்னி நிலம் கடிகல் மக்களுடையது. அவர்களின் மூத்தோருக்கு வணக்கம் சொல்லித் தொடங்குகிறேன்.

கூட்டுறவு என்றதும் யாழ்ப்பாணத்தில் வளர்ந்தவர்களுக்குச் சங்கக்கடை நினைவுக்கு வரும். கூப்பனோடு வரிசையில் நின்று சீனியும் மண்ணெண்ணெயும் வாங்கிய இடம். குவாத்தமாலா, மெக்சிக்கோ நாடுகளின் மாயா மக்களைப் பற்றி வாசித்தவர்களுக்கு அவர்களின் கோப்பிச் சங்கங்களும் நெசவுச் சங்கங்களும் நினைவுக்கு வரலாம். நான் இன்று பேசப்போவது நாம் வாழும் அவுஸ்திரேலியாவின் நடுப்பாலைவனத்தில் பிறந்த ஓர் ஓவியர் கூட்டுறவைப் பற்றி.

அலிஸ் ஸ்பிரிங்ஸுக்கு வடமேற்கே ஏறக்குறைய 240 கிலோமீற்றரில் பப்புன்யா இருக்கிறது. 1950களின் இறுதியில் அரசு அமைத்த குடியேற்றம். பின்டுபி, லுரிச்சா, வார்ல்பிரி என்று பல மக்கள் தம் நிலத்தை விட்டு அங்கே சேர்க்கப்பட்டார்கள். 1971இல் ஜெஃப்ரி பார்டன் என்ற ஆசிரியர் அங்கே வந்தார். அவருடைய ஊக்கத்தில் ஊர்ப் பெரியவர்கள் தங்கள் நிலத்தின் கதைகளைப் பள்ளிச் சுவரிலும் பலகைகளிலும் வரைந்தார்கள். 1972இல் பப்புன்யா தூலா ஓவியர் அமைப்பு உருவானது. சட்டப்படி அது ஒரு கம்பனி. ஆனால் அதன் உரிமையாளர்கள் பூர்வகுடி மக்களே.

இப்படி ஓர் அமைப்பு ஏன் தேவை? ஜானி வரங்குலா 1972இல் வரைந்த மழைக் கனவு ஓவியம் ஒன்று அன்று ஏறத்தாழ 150 டொலருக்கு விலைபோனது. 2000ஆம் ஆண்டு ஏலத்தில் அதே ஓவியம் 4,86,500 டொலருக்குக் கைமாறியது. அப்போது உயிரோடிருந்த ஓவியருக்கு அதில் பங்கு கேட்கச் சட்டத்தில் இடமே இருக்கவில்லை.

அதே 2000ஆம் ஆண்டு நவம்பரில், சிட்னியில் வேறோர் ஏலம் நடந்தது. அதன் பின்னணியைச் சொல்லவேண்டும். பின்டுபி மக்கள் 1981இல் தங்கள் சொந்த நிலமான கின்டோருக்குத் திரும்பிப் போனார்கள். அலிஸ் ஸ்பிரிங்ஸிலிருந்து 500 கிலோமீற்றருக்கும் அப்பால். ஊர் திரும்பினார்கள், ஆனால் சிறுநீரக நோய் அவர்களை மறுபடியும் ஊரைவிட்டு எடுத்தது. டயாலிசிஸ் செய்பவர் இருக்கும் வீடுகளுக்குத் தெரியும்: கிழமைக்கு மூன்று நாள், ஒவ்வொரு தடவையும் நாலைந்து மணித்தியாலம். கின்டோரில் இயந்திரம் இல்லை. நோயாளி அலிஸ் ஸ்பிரிங்ஸிலேயே தங்கவேண்டும். பேரப்பிள்ளைகளுக்குக் கதையும் சடங்கும் சொல்லித்தர வேண்டிய பெரியவர்கள் அந்நிய ஊரில் தனித்திருந்து இறந்தார்கள்.

கின்டோர், கிவிர்க்குரா ஊர்களின் ஆண்களும் பெண்களும் சேர்ந்து நான்கு பெரிய ஓவியங்களை வரைந்தார்கள். நியூ சவுத் வேல்ஸ் கலைக்கூடத்தில் அவையும் வேறு படைப்புகளும் ஏலம் போயின. பத்து லட்சம் டொலருக்கு மேல் சேர்ந்தது. 2004இல் கின்டோரில் டயாலிசிஸ் தொடங்கியது. அந்த அமைப்பின் பின்டுபிப் பெயருக்கு 'எங்கள் குடும்பங்கள் எல்லாவற்றையும் நலமாக்குதல்' என்று பொருள். இன்று பேர்ப்பிள் ஹவுஸ் என்று அறியப்படும் அது, பல தொலைதூர ஊர்களில் டயாலிசிஸ் நடத்துகிறது. வண்டியில் பொருத்திய இயந்திரமும் ஊர் ஊராகப் போகிறது.

இதைக் கேட்டு மகிழ்கிறோம். ஆனால் ஒன்றையும் மறக்கக்கூடாது. சிட்னியில் நமக்கு அரசு மருத்துவமனையில் இலவசமாகக் கிடைக்கும் சிகிச்சையைத் தம் ஊரில் பெற, அவர்கள் ஓவியம் விற்க வேண்டியிருந்தது. தொலைதூர ஊர்களின் டயாலிசிஸுக்கென மெடிகெயார் தனிக் கட்டணம் கொடுக்கத் தொடங்கியது 2018 நவம்பரில்தான். ஏலம் நடந்து பதினெட்டு ஆண்டுகளுக்குப் பிறகு. மக்கள் செய்து காட்டியபிறகே அரசு பின்னால் வந்தது.

நமக்கும் இது புதிதல்ல. யாழ்ப்பாணத்து மூளாயில் 1930களில் மக்கள் கூட்டுறவாகவே வைத்தியசாலை அமைத்தார்கள். ஊரில் நோய்க்கு மருந்து வேண்டும் என்று ஊரே முடிவெடுத்தது.

இங்கே நாம் ஊருக்காக நிதி சேர்க்கிறோம். நல்ல மனதோடுதான் சேர்க்கிறோம். ஆனால் என்ன தேவை என்பதைப் பெரும்பாலும் இங்கிருந்தே தீர்மானிக்கிறோம். கட்டடம் எழும்புகிறது, பெயர்ப்பலகை மாட்டப்படுகிறது. அதை நடத்துவது யார் என்ற கேள்வி பிறகுதான் வருகிறது. பின்டுபி மக்களுக்கு என்ன வேண்டும் என்று வெளியார் தீர்மானிக்கவில்லை. வீட்டுக்குப் போகவேண்டும் என்றார்கள் அவர்கள். உழைப்பும் அவர்களுடையது, முடிவும் அவர்களுடையது.

உங்கள் ஊர்ச் சங்கத்தின் அடுத்த கூட்டத்தில், காசைப் பற்றிப் பேசுமுன் ஊருக்கு ஓர் அழைப்பெடுத்துக் கேளுங்கள். இதுதான் நான் இன்று சொல்ல வந்தது. இனி உங்கள் கேள்விகளுக்கு வருவோம்.