கைப்பேசியும் நம் மாணாக்கரும்

(நம் சங்கத்தின் மாணாக்கர் பரிசளிப்புக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



கைப்பேசி நம் இல்லங்களுட் பலவற்றில் பாடத்தின் பொருட்டே புகுந்தது. 2020-ம் வருஷம் மார்ச்சு மாதம் பெருந்தொற்றினாற் பள்ளிகள் மூடப்பெற்ற பின்னர், நகையை அடகு வைத்தும் அதனை வாங்கிக் கொடுத்தோர் நம்முள் உளர். பள்ளிகள் மீண்டுந் திறந்தன; கைப்பேசியோ பிள்ளைகள் கையை விட்டு நீங்கிற்றில்லை. அதனை முற்றும் பழித்தல் என் கருத்தன்று. 1998-ல் தொடங்கிய மதுரைத் திட்டத்தாரின் நன்முயற்சியால், பழந்தமிழ் நூல்களைக் காசு செலவின்றிச் சிற்றூர்ச் சிறுவனும் கற்கலாம். கற்பவர் எத்துணையர் என்பது வேறு விஷயம்.

யான் அஞ்சுவது இன்ஸ்டாகிராம் முதலியவற்றை. ஒருவன் எக்காட்சியில் நெடுநேரம் நிற்கின்றான் என்று கணித்து, அதனை ஒத்தனவற்றையே அவை மேன்மேலும் அவன்முன் நிறுத்துகின்றன. குலப்பெருமை பேசி, அரிவாள் ஏந்தி, பாட்டோடு அரைநிமிஷம் ஓடும் படமொன்றை ஒரு சிறுவன் இருமுறை பார்த்தானாயின், மறுநாள் அத்தகையன பல வந்து நிற்கும். பதினான்கு வயதுப் பிள்ளைக்கு உலகம் முழுதும் அதுவே பேசுவதாகத் தோன்றாதோ? பின்னர் அவனே ஒரு படம் எடுத்து விடுகின்றான். மற்றொரு குலத்துப் பிள்ளை எதிர்ப்படம் விடுகின்றான். மாலையிற் பேருந்து நிலையத்திற் கைகலப்பு.

2023-ம் வருஷம் ஆகஸ்டு மாதம் நாங்குநேரியில் நிகழ்ந்ததைத் தாங்கள் அறிவீர்கள். பன்னிரண்டாம் வகுப்பு மாணாக்கன் ஒருவனும், தடுக்க வந்த அவன் தங்கையும் தம் வீட்டிலேயே வெட்டுண்டனர். அதன்பொருட்டுப் பிடிபட்டோருள் உடன் பயின்ற சிறுவர் இருந்தனர். பின்னர் அரசாங்கத்தார் அமைத்த நீதியரசர் சந்துரு குழு, 2024 ஜூனில் அளித்த அறிக்கையில், சாதி காட்டும் வண்ணக் கயிறு, நெற்றிக்குறி முதலியன பள்ளியிற் கூடா என்றது. மணிக்கட்டுக் கயிற்றைப் பள்ளி வாயிலிலே அவிழ்ப்பித்து விடலாம். கைப்பேசியிற் கட்டியதை அவிழ்க்க ஆசிரியரால் ஆகுமோ?

சொல்லக் கூசுகின்றேன். அத்தகைய படங்களுக்கு விருப்பக்குறி இடுவோருள் தந்தைமாரும் மாமன்மாரும் உளர். நம் சங்கத்து வாட்ஸ்அப் குழுவிலும் அவை உலவுகின்றன. அவற்றை நீக்கி, மீண்டும் இடுவோரைக் குழுவினின்று விலக்கும் பொறுப்பைக் காரியதரிசி அவர்கள் இம்மாதமே ஏற்றல் வேண்டும். இன்று பரிசு பெறும் பிள்ளைகளின் பெற்றோர், இன்றிரவு அவர்களோடு அமர்ந்து, அவர்கள் கைப்பேசியில் என்னென்ன வருகின்றன என்பதை ஒரு நாழிகையேனும் உடனிருந்து பார்க்குமாறு கேட்டுக்கொள்கின்றேன்.