கஞ்சா, மருந்து, வேலை

(திருவண்ணாமலையில் ஆலைத் தொழிலாளரும் விவசாயத் தொழிலாளரும் கூடிய கூட்டத்தில் நிகழ்த்திய உரை)

தோழர்களே!

தலைப்பைக் கேட்டதும் பின்வரிசையில் சிலர் சிரித்தீர்கள். சிரிக்க வேண்டியதுதான். 14 கிலோமீட்டர் கிரிவலம் சுற்றி வந்தவர் எவருக்கும் கஞ்சா வாடை இன்னதென்று நாம் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை. காவி கட்டியவர் மரத்தடியில் புகைத்தால் ஊர் கண்டும் காணாமல் போகிறது. மூட்டை தூக்குகிறவன் புகைத்தால் "போக்கிரி" என்கிறது. ஆனால் நாம் சாமியார்களைப் பற்றிப் பேச வரவில்லை. அவர்களை எந்த முதலாளியும் வேலையை விட்டு நீக்க முடியாது!

நாம் பேச வந்தது, அரிசி ஆலைத் தோழர் ஒருவர் கேட்ட கேள்வியைப் பற்றி. "வயிற்றுக் கோளாறுக்கும் தூக்கமின்மைக்கும் வைத்தியர் லேகியம் கொடுக்கிறார். அதில் கஞ்சா இலை சேர்ந்திருக்கிறது என்கிறார்கள். ஆலையில் சிறுநீர் சோதனை வைத்தால் என் வேலை போய்விடுமா?" இதுதான் கேள்வி. லேசான கேள்வி அல்ல.

முதலில் சட்டம் என்ன சொல்கிறதென்று பார்ப்போம். 1985-ம் வருஷத்துப் போதைப் பொருள் சட்டம், கஞ்சா என்றால் அந்தச் செடியின் பூவும் காயும் விட்ட நுனி என்கிறது. நுனியோடு சேராத இலையையும் விதையையும் அது கஞ்சாவில் சேர்க்கவில்லை. இலையை மாநில சர்க்கார்களின் சட்டத்துக்கு விட்டுவிட்டது. அதே சட்டத்தின் 8-வது பிரிவு, உரிய அனுமதியோடு மருத்துவத்துக்கும் விஞ்ஞானத்துக்கும் பயன்படுத்த வழி வைத்திருக்கிறது. சித்த, ஆயுர்வேத மருந்துகளில் சேரும் விஷ சரக்குகளுக்கென்று மருந்துச் சட்ட விதிகளில் ஒரு பட்டியல் உண்டு. கஞ்சாவும் அதில் இருக்கிறது. அத்தகைய மருந்தின் மேல் "மருத்துவர் மேற்பார்வையில் உட்கொள்ளவும்" என்று அச்சிட்டிருக்க வேண்டும். ஆகவே, உரிமம் பெற்ற மருந்தை வைத்தியர் சீட்டோடு வாங்கிச் சாப்பிடுகிறவர் குற்றவாளி அல்ல. மரத்தடியில் பொட்டலம் வாங்கிவிட்டு "மருந்துக்குத்தான்" என்று சொல்கிறவருக்கு இது பொருந்தாது. ஒரு கிலோ வரை சட்டம் சிறிய அளவு என்கிறது. அதற்கே ஒரு வருஷம் வரை கடுங்காவல், பத்தாயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். புகைத்ததற்கு மட்டும் ஆறு மாதம் வரை.

இந்தச் செடி நம் ஜில்லாவுக்கு அந்நியமானதல்ல. வெள்ளைக்காரன் காலத்தில் ஜவ்வாது மலையில் சர்க்கார் அனுமதியோடு கஞ்சா பயிரானது. மலைவாசி விவசாயி விளைவித்ததை அடிவாரத்தில் கணியம்பாடிக் கிடங்கில் சேர்த்து, வரி போட்டு, கடைக்குப் பிரித்துக் கொடுத்தார்கள். 1893-ல் ஒரு கமிஷன் போட்டார்கள். ஏழு பேர்; ஆயிரத்துக்கு மேற்பட்ட சாட்சிகள்; 1894-ல் அறிக்கை. மிதமாக உபயோகிப்பதால் பெருங்கேடு இல்லை, அடியோடு தடை செய்ய வேண்டாம், உரிமம் கொடுத்து வரி வாங்கலாம் என்று எழுதினார்கள். கஜானாவுக்கு வருமானமாக இருந்தவரை அது சரக்கு! 1961-ல் சர்வதேச ஒப்பந்தம் வந்தது, 1985-ல் நம் நாட்டுச் சட்டம் வந்தது, சரக்கு குற்றமாயிற்று. 2020 டிசம்பரில் ஐக்கிய நாடுகள் சபையின் போதைப் பொருள் கமிஷன், கஞ்சாவை மிகக் கடுமையான பட்டியலிலிருந்து எடுக்க 27-க்கு 25 என்று வாக்களித்தது. இந்தியாவும் எடுக்கச் சொல்லியே வாக்களித்தது. உள்நாட்டுச் சட்டம் மட்டும் மாறவில்லை.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறோம். போதையோடு இயந்திரத்தின் முன் நிற்பதை நாம் ஆதரிக்கவில்லை. பஞ்சாலையில் கார்டிங் இயந்திரமோ, களத்தில் கதிரடிக்கும் இயந்திரமோ, கவனம் ஒரு கணம் பிசகினால் கையை எடுத்துக்கொள்ளும். நம் கை மட்டுமல்ல, பக்கத்தில் நிற்கிற தோழரின் கையும் போகும். கஞ்சா, நேரம் பற்றிய உணர்வையும் கைவேகத்தையும் குலைக்கிறது. இதில் யாருக்கும் சலுகை கேட்க முடியாது, கேட்கவும் கூடாது.

ஆனால் நிர்வாகம் கொண்டுவரும் சிறுநீர் சோதனை இதைத்தான் கண்டுபிடிக்கிறதா? இல்லை, தோழர்களே! அங்கேதான் சூட்சுமம் இருக்கிறது. சாராயத்துக்கு ஊதிப் பார்க்கும் கருவி, இப்போது ரத்தத்தில் எவ்வளவு இருக்கிறதென்று ஓரளவு காட்டும். கஞ்சாவுக்கு எடுக்கும் சிறுநீர் சோதனையோ, உடம்பு அதைச் செரித்துக் கழித்த மிச்சத்தைத்தான் காட்டுகிறது. கஞ்சாவின் சத்து கொழுப்பில் தங்கிக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியேறும். எப்போதோ ஒருமுறை உபயோகித்தவருக்குச் சில நாள், வழக்கமாக உபயோகிக்கிறவருக்குச் சில வாரங்கள்கூட அந்த மிச்சம் வரும். போன வாரம் ராத்திரி வீட்டில் சாப்பிட்ட மருந்துக்கு இந்த வாரம் பகலில் "போதையில் இருந்தான்" என்று சீட்டு எழுதலாம். இது எந்த ஊர் நியாயம்?

அமெரிக்காவில் நடந்ததைக் கேளுங்கள். கொலராடோ மாநிலத்தில் கஞ்சாவை மருந்தாக உபயோகிக்கச் சட்டம் அனுமதிக்கிறது. விபத்தில் கைகால் செயலிழந்த ஒரு தொழிலாளி, டிஷ் நெட்வொர்க் என்னும் கம்பெனியில் டெலிபோனில் வாடிக்கையாளருக்குப் பதில் சொல்லும் வேலை பார்த்தார். தசை இழுப்புக்காக, மாநில அனுமதிச் சீட்டு வைத்துக்கொண்டு, வேலை முடிந்தபின் வீட்டில் உபயோகித்தார். வேலை நேரத்தில் அவர் போதையில் இருந்தார் என்று கம்பெனியே குற்றம் சாட்டவில்லை. 2010-ல் சோதனையில் அகப்பட்டார், வேலை போயிற்று. 2015-ல் அந்த மாநில உயர் கோர்ட்டும் கம்பெனி செய்தது செல்லும் என்றது. மத்தியச் சட்டப்படி அது இன்னும் குற்றமாம்! ஆனால் 2017-ல் மாசசூசெட்ஸ் மாநிலக் கோர்ட், குடல் நோய்க்கு மருந்தாக உபயோகித்த ஒரு பெண் ஊழியரின் வழக்கில் வேறுவிதமாகச் சொன்னது. நோயாளிக்கு வேறு ஏற்பாடு செய்ய முடியுமா என்று பாராமல் நீக்கியதற்காக அவர் வழக்குத் தொடரலாம் என்றது. 2024-லிருந்து கலிபோர்னியாவில், போதை தராத அந்த மிச்சத்தை மட்டும் வைத்துப் பெரும்பாலான தொழிலாளரை நீக்கக் கூடாதென்று சட்டமே வந்துவிட்டது. ஒரே தேசத்தில் மூன்று விதம். விஞ்ஞானம் ஒன்றுதான், நியாயம்தான் ஊருக்கு ஊர் மாறுகிறது.

நம் நாட்டுக்கு வருவோம். 1983-ல் கிளாக்ஸோ லாபரட்டரீஸ் வழக்கில் சுப்ரீம் கோர்ட் சொன்னது நம் எல்லோருக்கும் மனப்பாடமாக வேண்டும். அந்தக் கம்பெனியின் நிலையாணை, குடிபோதை, சண்டை, ஒழுங்கீனம் முதலியவற்றை "கம்பெனி எல்லைக்குள்ளோ அதன் அருகிலோ" செய்தால் குற்றம் என்றது. நிர்வாகமோ எங்கே நடந்தாலும் தண்டிப்போம் என்று வாதாடியது. கோர்ட் அதை ஏற்கவில்லை. நிலையாணையில் எழுதப்படாததைக் குற்றம் என்று பிறகு சேர்க்க முடியாது. வேலையிடத்தோடும் வேலை நேரத்தோடும் தொடர்பு இருக்க வேண்டும் என்றது. அப்படியானால் தொழிலாளியின் வீட்டுத் திண்ணைக்கும் நோய்ப் படுக்கைக்கும் நிர்வாகத்தின் கை நீளலாமா? சிறுநீர்க் குப்பி வழியாக இன்று நீளப் பார்க்கிறது.

நிலையாணை இருக்கிறவர்களுக்கு இந்தப் பாதுகாப்பு. இல்லாதவர்களுக்கு? 1946-ம் வருஷத்து நிலையாணைச் சட்டத்தில் 100 பேர் வேலை செய்தால் நிலையாணை வேண்டும் என்றிருந்தது. 2025 நவம்பர் 21 முதல் அமலுக்கு வந்த தொழில் உறவுத் தொகுப்பில் அது 300 ஆகிவிட்டது. நம் சுற்று வட்டாரத்தில் எத்தனை அரிசி ஆலையில், எத்தனை எண்ணெய் ஆலையில் 300 பேர் இருக்கிறார்கள்? கையை உயர்த்தச் சொன்னால் ஒரு கைகூட உயராது.

இதைவிட அபாயமான இடம் ஒன்று உண்டு. இதைக் கவனமாகக் கேட்க வேண்டும். இ.எஸ்.ஐ. வளையத்துக்குள் வராத தொழிலாளிக்கு விபத்து நேர்ந்தால் முதலாளிதான் நஷ்டஈடு கொடுக்க வேண்டும். ஆனால் 1923-ம் வருஷத்துச் சட்டத்திலேயே ஒரு விலக்கு இருந்தது. புதிய சமூகப் பாதுகாப்புத் தொகுப்பிலும் அது அப்படியே இருக்கிறது. குடி அல்லது போதைப் பொருளின் வசத்தில் இருந்ததே விபத்துக்கு நேரடிக் காரணம் என்றால் நஷ்டஈடு இல்லை. மரணமோ நிரந்தர முழு ஊனமோ ஏற்பட்டால் இந்த வாதம் எடுபடாது. இரண்டு விரல் போனால் எடுபடும்! பெல்ட்டுக்கு மூடி போடாதவர் முதலாளி. விரலை இழந்தவர் தொழிலாளி. ஆஸ்பத்திரியில் எடுத்த சிறுநீரில் போன வாரத்து லேகியத்தின் மிச்சம் தெரிந்தால், குற்றவாளி யாராவார்? "நேரடிக் காரணம்" என்ற வார்த்தையை விடாதீர்கள். சிறுநீரில் மிச்சம் இருந்தது என்பதால் மட்டும் அது விபத்தின் நேரடிக் காரணம் ஆகிவிடாது. மூடி இல்லாத பெல்ட்டைச் சம்பவ இடத்திலேயே போட்டோ எடுத்து வையுங்கள்.

மருந்து விஷயத்தில் நிர்வாகங்கள் எவ்வளவு யோக்கியம் என்பதையும் சொல்லாமல் விட முடியாது. 2019-ல் தாம்சன் ராய்ட்டர்ஸ் பவுண்டேஷன், தமிழ்நாட்டுத் துணி ஆலைகளில் வேலை செய்யும் சுமார் 100 பெண்களிடம் விசாரித்து ஒரு செய்தி வெளியிட்டது. மாதவிடாய் வலி என்று சொன்ன பெண்களுக்கு, லீவு கொடுப்பதற்குப் பதிலாக, பெயரில்லாத மாத்திரையைக் கையில் கொடுத்து இயந்திரத்துக்கு அனுப்பியிருக்கிறார்கள். அந்தப் பெண்களுக்கு அது என்ன மருந்து என்றே தெரியாது. உற்பத்தி நிற்காமலிருக்க அவர்கள் கொடுப்பது மருந்து. வலி தாங்காமல் நாம் சாப்பிடுவது ஒழுங்கீனம்! டாஸ்மாக் கடையில் சர்க்காரே விற்பது வேறு கணக்கு. அதைப் பேச ஆரம்பித்தால் இன்றைக்கு வீடு போய்ச் சேர மாட்டோம்.

வயலில் குனிந்து நாற்று நடுகிற பெண்ணுக்கு இடுப்பு வலி, கரும்பு வெட்டுகிறவருக்குத் தோள் வலி, சுமை தூக்குகிறவருக்கு முதுகு. இவர்கள் போதைக்கு முன் வலியைத்தான் தேடிப் போய்ப் பார்த்தவர்கள். சிலர் பொட்டலத்தில் சிக்கிக்கொண்டதும் உண்மை. அவர்களைக் காட்டிக் கொடுப்பதோ மூடி மறைப்பதோ சங்க வேலை அல்ல. போதைப் பொருள் சட்டத்தின் 64-ஏ பிரிவு, உபயோகித்த குற்றத்துக்கோ சிறிய அளவு வைத்திருந்த குற்றத்துக்கோ ஆளானவர் தாமாக முன்வந்து சிகிச்சை பெற்றால் வழக்கிலிருந்து விலக்குத் தருகிறது. சிகிச்சையைப் பாதியில் விட்டால் விலக்கும் போய்விடும். சர்க்கார் ஆஸ்பத்திரிக்கு அவரைக் கூட்டிப் போக ஒரு ஆள் வேண்டும். அந்த நாட்களுக்கு லீவும், திரும்பி வந்தால் வேலையும் வேண்டும். இதை ஒப்பந்தத்தில் எழுத வைப்பது சங்கத்தால் ஆகக்கூடிய காரியம்.

அரிசி ஆலைத் தோழரின் கேள்விக்கு வருவோம். மருந்தின் டப்பாவையும் வைத்தியர் சீட்டையும் தூக்கி எறியாதீர்கள். சோதனைக்குக் கூப்பிட்டால், முன்கூட்டியே எழுத்தில் "இன்ன மருந்து சாப்பிடுகிறேன்" என்று கொடுத்து, நகலில் தேதியோடு கையெழுத்து வாங்குங்கள். முதல் சோதனை சாதாரண அட்டைச் சோதனைதான். அது தவறவும் கூடும். ஆய்வுக்கூடத்தில் உறுதிச் சோதனை கேட்க வேண்டும். வெற்றுத் தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். குற்றச்சாட்டு எழுத்தில் வரட்டும். விசாரணைக்குச் சக தொழிலாளி ஒருவரைத் துணைக்கு அழைத்துப் போங்கள். தூக்கம் வரவழைக்கும் மருந்தானால், அது அலோபதியானாலும் சித்தமானாலும், சாப்பிடும் நாட்களில் இயந்திரத்தை விட்டு வேறு வேலைக்கு மாற்றச் சொல்லி நீங்களே முதலில் எழுதிக் கொடுங்கள். கூலி குறையாமல் மாற்ற வேண்டும் என்பது நம் கோரிக்கை.

நிலையாணையில் "போதைப் பொருள்" என்ற சொல்லைச் சேர்க்க உங்கள் ஆலை நோட்டீஸ் போட்டால், படித்துவிட்டுப் பேசாமல் கலைந்துவிடாதீர்கள். "வேலை நேரத்தில், வேலையிடத்தில்" என்ற வார்த்தைகளும், "மருத்துவர் சீட்டின்பேரில் உட்கொள்ளும் மருந்து நீங்கலாக" என்ற வார்த்தைகளும் அதில் இருக்கின்றனவா என்று பாருங்கள். இல்லையென்றால் சான்றளிக்கும் அதிகாரிக்கு ஆட்சேபம் கொடுக்க உரிமை உண்டு. கெடு சில நாட்கள்தான். நோட்டீஸ் ஒட்டிய அன்றே சங்க ஆபீசுக்கு எடுத்து வாருங்கள்.