புகையிரதப் பாதையில் ஒரு நட்பு

இன்று நான் அறிமுகஞ் செய்ய விரும்புவது 'ட்ராகன்ஸ் கேற்' என்ற ஆங்கில நாவலை. 1993 இல் வெளிவந்த இதனை எழுதியவர் லோறன்ஸ் யெப். சன் பிரான்சிஸ்கோவில் பிறந்த சீன வம்சாவளியினர். இளையோருக்கான நாவல்தான், எனினும் வளர்ந்தோரும் படித்துச் சிந்திக்கலாம்.

கதை நிகழுங் காலம் 1867. ஒட்டர் என்ற சீனச் சிறுவன், தந்தையும் மாமனும் வேலை செய்யும் கலிபோர்னியாவுக்கு வருகிறான். பொன் விளையும் பூமி என்று நம்பி வந்தவன் காண்பது ஸியெறா நெவாடா மலையின் வெண்பனியை. அங்கே புகையிரதப் பாதைக்காகக் கருங்கற் பாறையைக் குடைகிறார்கள் சீனத் தொழிலாளர். வெள்ளையரைவிடக் குறைந்த ஊதியம். உணவுச் செலவும் அவர்களுடையதே.

இந்தச் சூழலில்தான், மேற்பார்வையாளர் கில்றோயின் மகன் ஷோனும் ஒட்டரும் நண்பர்களாகிறார்கள். இது இலேசான காரியமன்று. வெள்ளையரைப் 'பேய்' என்றழைப்பது கன்ரன் பேச்சு வழக்கு. சீனரை மனிதராகவே மதியாதோர் மறுபுறம். இரு பக்கமும் சுவர்.

வரலாறு இந்த நட்புக்கு ஆதரவாக இருக்கவில்லை. 1867 ஜூனில் ஆயிரக்கணக்கான சீனர் கூடிய சம்பளமும் குறைந்த வேலை நேரமும் கேட்டு வேலைநிறுத்தஞ் செய்தனர். கொம்பனி உணவு விநியோகத்தை நிறுத்தியது; ஒரு வாரத்தில் போராட்டம் முடிந்தது. 1869 ஏப்ரல் 28 ஆம் திகதி ஒரே நாளில் 10 மைல் தண்டவாளம் போடப்பட்டது. தண்டவாளங்களைத் தூக்கிவைத்த எட்டு ஐரிஷ் தொழிலாளரின் பெயர்கள் பதிவாகியுள்ளன. உடன் உழைத்த சீனரின் பெயர்கள் இல்லை. சம்பளப் பதிவேட்டிலும் அவர்கள் பெரும்பாலும் குழுத் தலைவரின் பெயருக்குள் மறைந்துபோனார்கள்.

ஐரிஷ்காரரும் பஞ்சத்தால் புலம்பெயர்ந்து, அமெரிக்காவில் இகழ்ச்சியை அனுபவித்தவர்களே. ஆயினும், 1877 இல் சான் பிரான்சிஸ்கோவில் சீனரை வெளியேற்றக் கோரிய இயக்கத்தின் தலைவர் டெனிஸ் கேர்னி அயர்லாந்தில் பிறந்தவர். 1882 இல் சீனத் தொழிலாளரின் வருகையைத் தடுக்கும் சட்டமும் வந்தது. துன்பப்பட்டவர் இன்னொருவர் துன்பத்தை உணர்வார் என்பது எப்பொழுதும் உண்மையல்ல.

அப்படியாயின் இரு சிறுவரின் நட்பால் என்ன பயன்? சம்பளத்தை அது உயர்த்தவில்லை, சட்டத்தைத் தடுக்கவில்லை. ஆனால், பதிவேடு பெயர் எழுத மறுத்தவனை ஒருவன் பெயர் சொல்லி அழைக்கிறான். இனத்துவேஷம் கூட்டத்தை மட்டுமே பார்க்கும். நட்பு ஒரு முகத்தைப் பார்க்கும். இந்த நாவலை நான் மதிப்பது இதற்காகவே.

நூல் கிடைத்தால் படித்துப் பாருங்கள்.