கடைசி வாங்கில் இருக்கும் பிள்ளை

(நூற்றாண்டு விழாவையொட்டிக் குருநகரில் நடைபெற்ற ஒன்றுகூடலில், ஆரம்பப் பிரிவில் கற்பித்து ஓய்வுபெற்ற பழைய மாணவிகள் சார்பில் ஆற்றப்பட்ட உரை)



நூறு ஆண்டு நிறைவில் பெருமைப்பட எமக்குப் பல விடயங்கள் உண்டு. வைத்தியர்களாக, ஆசிரியைகளாக, தாதியராக, துறவிகளாக எமது பிள்ளைகள் பல நாடுகளிலும் பணிபுரிகிறார்கள். அவர்களுடைய பெயர்களை இந்த விழாவில் மகிழ்ச்சியோடு சொல்கிறோம். ஆனால் எமது வரவு இடாப்புகளில் இன்னொரு வரிசைப் பெயர்களும் இருக்கின்றன. அவை ஐந்தாம் வகுப்போடும் எட்டாம் வகுப்போடும் நின்றுபோன பிள்ளைகளின் பெயர்கள். சிலரை வறுமை நிறுத்தியது. சிலரை 1995 இடப்பெயர்வு நிறுத்தியது. இன்னும் சிலர் “இவளுக்குப் படிப்பு ஏறாது” என்ற ஒரு சொல்லால் நின்றவர்கள். அந்த மூன்றாவது கூட்டத்தைப் பற்றியே இன்று கதைக்க விரும்புகிறோம். ஏனென்றால் அப்படிப்பட்ட பிள்ளைகள் இன்றும் தரம் ஒன்றிலும் இரண்டிலும் வந்து இருக்கிறார்கள். உங்கள் வீடுகளிலும் இருக்கிறார்கள்.

எங்கள் ஊரில் ஒரு பிள்ளையை மட்டிட இரண்டு சொற்கள் போதுமாயிருந்தன. ஓடித் திரிந்தால் “குழப்படி”, வாசிக்காவிட்டால் “மொக்கு”. இந்தச் சொற்களைச் சொல்லிவிட்டால் வேறெதையும் தேடத் தேவையில்லை. அதுதான் அவற்றின் ஆபத்து.

குருநகரில் நாம் எல்லோரும் கண்ட ஒரு பிள்ளையை நினைத்துப் பாருங்கள். வாடை எப்போது பெயரும், சோளகம் எப்போது தொடங்கும் என்று அதற்குத் தெரியும். தகப்பன் கொண்டுவந்த மீனை எண்ணிக் கணக்குச் சொல்லும். கேட்ட கதையை ஒரு சொல் விடாமல் திரும்பச் சொல்லும். ஆனால் “சோளகம்” என்ற சொல்லைக் கரும்பலகையில் எழுதி வாசிக்கச் சொன்னால் தலை குனியும். இந்தப் பிள்ளைக்கு அறிவில்லை என்று எப்படிச் சொல்வது?

இதே கேள்வி 1896 ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் பிரிங்கிள் மோர்கன் என்ற வைத்தியருக்கும் எழுந்தது. அவர் கண்ட சிறுவனுக்கு 14 வயது. கணக்கில் கெட்டிக்காரன், பார்வையிற் குறையில்லை. பல வருடம் கற்பித்தும் சிறு சொற்களையே வாசிக்கத் திணறினான்; தன் பெயரையே எழுத்து மாற்றி எழுதினான். பாடம் முழுவதும் வாய்மொழியாக நடந்தால் பள்ளியில் இவனே முதல்வனாக வருவான் என்பது அவனுடைய ஆசிரியரின் கருத்து. மோர்கன் இதைப் பிரித்தானிய மருத்துவ இதழொன்றில் எழுதினார். இன்று இதனை வாசிப்புக் குறைபாடு அல்லது டிஸ்லெக்ஸியா என்கிறோம். எழுத்தையும் ஒலியையும் மூளை இணைக்கும் முறையில் உள்ள வேறுபாடே இது. சோம்பலும் அல்ல, அறிவுக் குறைவும் அல்ல. குடும்பவழியாகவும் வரும். ஆகவே “எனக்கும் சின்னனில வாசிப்பு வராது” என்று தகப்பன் சொன்னால், “அப்ப பரவாயில்லை” என்று விட்டுவிடக்கூடாது. கூடுதலாகக் கவனிப்பதற்கு அதுவே காரணம்.

தமிழ் எழுத்தைக் கற்கும் பிள்ளையிடம் எதைப் பார்க்க வேண்டும்? எமது எழுத்து ஒலியோடு பெரும்பாலும் ஒத்துப் போவது. அது ஒரு வசதி. ஆனால் சுமையும் உண்டு. 247 எழுத்துகள். லகர, ளகர, ழகரமும், ரகர, றகரமும், ணகர, னகர, நகரமும் குழப்பும். “கெ” என்பதில் ககரத்தின் ஒலி முன்னே வருகிறது, ஆனால் கொம்பை முதலில் எழுத வேண்டும். “கொ” என்றால் ஒரே உயிரொலி எழுத்தின் இரண்டு பக்கமும் பிரிந்து நிற்கிறது. தரம் ஒன்றில் கொம்பை இடம் மாற்றிப் போடாத பிள்ளை அரிது. ஐந்து, ஆறு வயதில் எழுத்தைத் திருப்பி எழுதுவதும் இயல்பே. அதைக் கண்டு பயப்பட வேண்டாம்.

நாம் உற்றுப் பார்க்க வேண்டியது வேறு. “பல், கல், மண்” என்று சொல்லி, ஓசை ஒவ்வாதது எது என்று கேட்டால் பிள்ளைக்குப் பிடிபடுகிறதா? “கடல்” என்ற சொல்லை க-ட-ல் என்று பிரித்துச் சொல்ல முடிகிறதா? நேற்றுப் படித்த எழுத்து இன்று முற்றாக மறந்துபோகிறதா? படத்தைப் பார்த்து ஊகித்து வாசித்துவிட்டு, படத்தை மறைத்தால் நின்றுவிடுகிறதா? பேச்சு வரத் தாமதமானதா? ஒழுங்காகப் பாடசாலைக்கு வந்தும், பொறுமையாகக் கற்பித்தும், தரம் இரண்டின் முடிவிலும் இவை தொடர்ந்தால் இனிக் காத்திருக்கக் கூடாது.

அடுத்தது கவனம். ஐந்து வயதுப் பிள்ளை அசையாமல் இருந்தால்தான் நாம் யோசிக்க வேண்டும். ஆடுவது, ஓடுவது, கேள்வி கேட்பது எல்லாம் அந்த வயதின் தொழில். கவனக்குறைவும் மிகைச் செயற்பாடும் என்று வைத்தியர்கள் ஒரு நிலையைச் சொல்வதற்குச் சில நிபந்தனைகள் உண்டு. ஒத்த வயதுப் பிள்ளைகளைவிட மிக அதிகமாக இருக்க வேண்டும். ஆறு மாதமாவது தொடர்ந்திருக்க வேண்டும். 12 வயதுக்கு முன் தொடங்கியிருக்க வேண்டும். வீட்டில் மட்டும் அல்லது பாடசாலையில் மட்டும் என்றில்லாமல் இரண்டு இடங்களிலாவது தெரிய வேண்டும். பிள்ளையின் படிப்பையோ பழக்கத்தையோ அது பாதிக்க வேண்டும். “ரெலிபோனில் ஒரு மணித்தியாலம் இருக்கிறான், அப்ப கவனம் இருக்குத்தானே” என்று தாய்மார் சொல்வதுண்டு. தனக்குப் பிடித்ததில் மூழ்குவது வேறு. பிடிக்காத வேலையில் மனத்தை நிறுத்திவைப்பதிலேதான் இந்தப் பிள்ளைகளுக்குக் கஷ்டம்.

இது ஒரு பெண்கள் பாடசாலை. ஆகவே இன்னொன்றையும் அழுத்திச் சொல்ல வேண்டும். வாங்கில் ஏறிக் குதிக்கும் பையனை எல்லோரும் காண்பார்கள். ஆனால் கவனக்குறைவு உள்ள பெண்பிள்ளைகள் பலர் குதிப்பதில்லை. யன்னலைப் பார்த்துக்கொண்டு அமைதியாக இருப்பார்கள். கொப்பியில் பாதி வசனம் எழுதியிருக்கும். பென்சில், குடை, தண்ணீர்ப் போத்தல் எல்லாம் தொலையும். சொன்ன மூன்று வேலையில் ஒன்றைச் செய்துவிட்டு நிற்பார்கள். வகுப்பைக் குழப்பாததால் “நல்ல பிள்ளை” என்ற பெயரும் கிடைக்கும். அந்தப் பெயருக்குள்ளேயே அவர்கள் மறைந்துபோவார்கள். தரம் ஐந்து புலமைப்பரிசில் வந்ததும் திடீரென்று “மொக்கு” ஆகிவிடுவார்கள். பிறகு, “வீட்டில தம்பி தங்கையைப் பார்க்கட்டும்” என்ற முடிவு வெகு இலகுவாக வந்துவிடும். எமது ஊரில் பெண்பிள்ளையின் படிப்பு நிற்பதற்குப் பெரிய காரணம் தேவைப்படுவதில்லை.

ஆனால் கஷ்டப்படும் ஒவ்வொரு பிள்ளைக்கும் இந்தப் பெயர்களைச் சூட்டுவதும் தவறு. முதலில் கண்ணையும் காதையும் பரிசோதிக்க வேண்டும். கரும்பலகை தெரியாத பிள்ளைக்கும், காதில் சீழ் வடிந்து பாதி கேட்கும் பிள்ளைக்கும் பாடம் விளங்காது. வெறும் வயிற்றோடு வருகிறதா? இரத்தசோகை உண்டா? விடியப்புறம் வள்ளம் புறப்படும் வீட்டில், எல்லோரும் ஒரே அறையில் படுக்கும்போது, போதிய நித்திரை உண்டா? வீட்டில் குடியும் அடியும் இருக்கின்றனவா? சில விநாடிகள் வெறித்துப் பார்த்து, கூப்பிட்டாலும் கேளாமல், பிறகு ஒன்றும் நடவாததுபோல் இருக்கிறதா? அப்படியானால் அது வலிப்பின் ஒரு வகையாகவும் இருக்கலாம். வைத்தியரிடம் உடனே காட்ட வேண்டும்.

பாடம் தவறிய பிள்ளை வேறு, பாடம் ஏறாத பிள்ளை வேறு என்பதையும் மறக்கக்கூடாது. 1995 ஒக்ரோபர் இறுதியில் வலிகாமமே தென்மராட்சிக்கு நடந்தபோது எத்தனை பிள்ளைகளின் முதல் வகுப்பு மரத்தடியில் கழிந்தது! யுத்தம் மனத்தில் விடும் வடுக்களைப் பற்றிப் பேராசிரியர் தயா சோமசுந்தரம் யாழ்ப்பாணத்திலிருந்தே விரிவாக எழுதினார். பயந்த மனம் எழுத்தில் நிற்காது. 2020 இல் கொரோனாவும், 2022 இல் எரிபொருள் தட்டுப்பாடும் பாடசாலைகளை மூடின. மண்ணெண்ணெய் இல்லாமல் வள்ளங்கள் கரையில் கிடந்த அந்த மாதங்களில் வீடுகளில் இருந்த கவலையும் பிள்ளைகளுக்குத் தெரியும். இத்தகைய பிள்ளைக்குத் தவறிய பாடத்தைத் திரும்பக் கற்பித்தால் வேகமாக முன்னேறும். அப்படிக் கற்பித்தும் அசையாவிட்டால் வேறு காரணத்தைத் தேட வேண்டும்.

அப்படியானால் என்ன செய்வது? தாயோ ஆசிரியையோ தானே நோயின் பெயர் சொல்ல வேண்டாம். கண்டதை எழுதுங்கள். ஒரு சிறு கொப்பியில், ஒரு மாதம்: என்ன நேரம், என்ன வேலை, எவ்வளவு நேரம் இருந்தது, எங்கே நின்றது, எது உதவியது. “கவனமே இல்லை” என்பதைவிட, “மூன்று வரி எழுதினாள், பிறகு எழும்பினாள், பக்கத்தில் இருந்தபோது முடித்தாள்” என்பது வைத்தியருக்கு நூறு மடங்கு பயன்படும். ஆசிரியை தாயைத் தனியாகக் கூப்பிட்டுக் கதைக்க வேண்டும். முதலில் பிள்ளை நன்றாகச் செய்வதைச் சொல்ல வேண்டும். தரம் ஒன்றுக்கு வரும் பிள்ளையை விளையாட்டுகள் மூலம் இனங்காணும் முறை 1990களின் பிற்பகுதியில் வந்த கல்விச் சீர்திருத்தத்தோடு எமது பாடசாலைகளுக்கு வந்தது. அதைப் படிவம் நிரப்பும் வேலையாக முடித்துவிடாமல் உண்மையாகச் செய்தாலே பல பிள்ளைகளைக் கண்டுபிடிக்கலாம்.

அடுத்த படியாக, சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையும் யாழ். போதனா வைத்தியசாலையும் இருக்கின்றன. வலயக் கல்வி அலுவலகத்தில் விசேட கல்விக்குப் பொறுப்பானவர்கள் இருக்கிறார்கள். விசேட தேவையுள்ள பரீட்சார்த்திகளுக்கு மேலதிக நேரம் போன்ற ஒழுங்குகளைப் பரீட்சைத் திணைக்களம் செய்கிறது. அதற்கு முன்கூட்டியே விண்ணப்பித்து, உரிய மருத்துவச் சான்றும் கொடுக்க வேண்டும். பத்தாம் வகுப்பில் ஓடித்திரிவதிலும் இரண்டாம் வகுப்பில் தொடங்குவது நல்லது.

வாசிப்புக் குறைபாட்டுக்கு மருந்தில்லை, கற்பித்தலே மருந்து. ஒலியையும் எழுத்தையும் ஒவ்வொன்றாக, ஒழுங்காக, திரும்பத் திரும்ப இணைத்துக் காட்ட வேண்டும். மணலில் விரலால் எழுதிப் பழகிய எமது பழைய முறை இந்தப் பிள்ளைகளுக்கு இன்றும் நல்ல துணை. கவனக்குறைவு உள்ள பிள்ளையை முன் வாங்கில் இருத்துங்கள். ஒரு நேரத்தில் ஒரு வேலை சொல்லுங்கள். இடையில் கொப்பி பகிர்ந்து கொடுக்க எழும்ப விடுங்கள். ஆறு வயதுக்குக் குறைந்தவர்களுக்கு, பிள்ளையைக் கையாளும் முறையைப் பெற்றோருக்குப் பயிற்றுவதே முதல் சிகிச்சை. பிறகு மருந்து தேவையா என்பதை அதற்குரிய வைத்தியர் தீர்மானிப்பார். பிரம்பு இதில் எந்த இடத்திலும் இல்லை. பாடசாலைகளில் உடல் தண்டனை கூடாதென்று கல்வி அமைச்சு 2005 இலேயே சுற்றறிக்கை விட்டது.

புலம்பெயர்ந்த சகோதரிகளுக்கும் ஒரு சொல். ரொறன்ரோவிலும் இலண்டனிலும் பிள்ளை பிந்தினால், “வீட்டில் தமிழ் கதைக்கிறதாலதான்” என்று சொல்வோர் உண்டு. இரண்டு மொழி கதைப்பதால் கற்றல் குறைபாடு வராது. ஆங்கிலத்தில் மட்டும் தடுமாறினால், அந்த மொழி இன்னும் பழக வேண்டும் என்று கொள்ளலாம். அம்மம்மாவோடு தமிழில் கதை சொல்லும்போதும் அதே தடுமாற்றம் இருந்தால் பாடசாலையிடம் சொல்லுங்கள். இங்கிலாந்தின் பொதுப் பாடசாலைகளில் விசேட கல்வித் தேவைகளுக்கான இணைப்பாளர் இருக்கிறார். ஒன்ராறியோவில் பிள்ளைக்கெனத் தனியான கல்வித் திட்டம் தயாரிக்கும் முறை உண்டு. “சனம் என்ன சொல்லும்” என்று அந்த உதவியைத் தள்ளிவிட வேண்டாம். சனம் பரீட்சை எழுதப் போவதில்லை.

இறுதியாக, சங்கத்திடம் ஒரு வேண்டுகோள். முதல் மூன்று இடங்களுக்கும் பரிசு கொடுக்க நிதியங்கள் பல இருக்கின்றன. கொடுத்தவர்களுக்கு நன்றி. இந்த நூற்றாண்டில் கடைசி வாங்குக்கும் ஒரு நிதியம் தொடங்குவோம். தரம் ஒன்று முதல் மூன்று வரை, கிழமையில் மூன்று நாள், ஐந்தாறு பிள்ளைகளோடு மட்டும் இருந்து வாசிப்புக் கற்பிக்க ஒரு பயிற்சி பெற்ற ஆசிரியை வேண்டும். மூக்குக்கண்ணாடி வாங்க முடியாத பிள்ளைக்கு அதை வாங்கிக் கொடுக்க வேண்டும். கிளினிக்குக்குப் போகும் நாளில் மீன் விற்கவோ கூலி வேலைக்கோ போக முடியாத தாய்க்கு, அந்த ஒரு நாள் வருமானத்தையும் பயணச் செலவையும் கொடுக்க வேண்டும். இது பெரிய தொகையல்ல. பல தாய்மார் கிளினிக்கைத் தவறவிடுவதற்குக் காரணம் அந்த ஒரு நாள் கூலிதான்.

1945 இல் இந்த நாட்டில் இலவசக் கல்வி வந்தபோது பாடசாலைக் கதவு எங்கள் பிள்ளைகளுக்குத் திறந்தது. 1997 இல் வந்த ஒழுங்குவிதி 5 முதல் 14 வயதுவரை படிப்பைக் கட்டாயமாக்கியது. 2016 இல் அது 16 வயதாக உயர்ந்தது. ஆனால் பிள்ளை வாங்கில் இருப்பது மட்டும் கல்வியாகாது. எழுத்தைப் பார்த்துத் தலை குனியும் பிள்ளை எங்கள் இடாப்பில் இன்றும் இருக்கிறது. அதன் பெயரை ஆசிரியைகள் இந்தத் தவணை முடிவதற்குள் கண்டுபிடிக்கட்டும். அடுத்த படிக்கு வேண்டியதை நாம் கொடுப்போம்.