கிதாரின் வயிற்றுக்குள் ஒரு பாட்டரி

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)

 

தமிழ்ச் சங்க மேடையில் குறளைப் பற்றியோ சிலம்பைப் பற்றியோ பேசுவது மரபு. எனக்கு வாய்த்த பொருளோ கிதாருக்குள் இருக்கும் பாட்டரி. முன்வரிசையில் பெரியவர்கள் சிலர் புன்னகை புரிவதைக் காண்கிறேன். எனினும், நம் காலனி வீடுகளில் வீணைக்குப் பக்கத்திலே கிதாரும் சாய்ந்து நிற்கும் காலம் இது. மின்சாரக் கருவி நம் இசைக்கு ஆகாது என்று சொல்லவும் வழியில்லை. மாண்டலின் ஸ்ரீனிவாஸ் (1969–2014) மின்சார மாண்டலினைக் கையில் ஏந்தியே கர்நாடக இசை அரங்குகளில் தமக்கென ஓர் இடத்தைப் பெற்றார்.

எல்லா மின்சாரக் கிதார்களுக்கும் பாட்டரி தேவை என்று பலர் எண்ணுகின்றனர். அது சரியன்று. 1932இல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்த முதல் மின்சாரக் கிதாருக்குப் பாட்டரியே கிடையாது. அதன் உருவத்தைப் பார்த்து ‘வறுசட்டி’ என்று கேலிப் பெயர் சூட்டினார்கள். அதன் தந்திகள் எஃகினால் ஆனவை. தந்திகளுக்கு அருகே ஒரு காந்தமும், அதனோடு மெல்லிய செம்புக் கம்பிச் சுருளும் உண்டு. தந்தி அதிர்ந்தால் சுருளில் மின்சாரம் தானே பிறக்கும். 1831இல் பாரடே கண்ட உண்மை இதுவே. இன்றும் சாதாரண மின்சாரக் கிதார்கள் இவ்விதமே இயங்குகின்றன. அத்தகைய கிதாரில் ஓசை வரவில்லையென்றால் பாட்டரியைத் தேடி அதன் பின்மூடியைக் கழற்ற வேண்டாம். கோளாறு வேறிடத்தில் இருக்கிறது.

பின் பாட்டரி எதற்காக வந்தது? கம்பிச் சுருளில் பிறக்கும் மின்சாரம் மிக மெலிந்தது. நீண்ட ஒயரின் வழியாக ஆம்ப்ளிஃபையரைச் சேருவதற்குள் அதன் கூர்மையான ஒலிப்பகுதி தேய்ந்து போகிறது. ஆகவே கிதாருக்குள்ளேயே சிறியதொரு மின்பெருக்கியை அமைத்தார்கள். 1976இல் வெளிவந்த மியூசிக் மேன் ஸ்டிங்ரே என்னும் பேஸ் கிதார் இவ்வகையில் புகழ் பெற்றது. இ.எம்.ஜி. நிறுவனம் தன் பிக்அப்புகளுக்குள்ளேயே பெருக்கியை வைத்துவிட்டது. நம் பிள்ளைகள் பெரும்பாலும் வைத்திருப்பது மரத்தாலான சாதாரணக் கிதாரிலேயே மின்னமைப்புச் சேர்த்த வகை. அதில் காந்தத்திற்குப் பதிலாக, தந்திகள் அமரும் எலும்புத் துண்டின் அடியில் பீஸோ என்னும் படிகப் பட்டை இருக்கிறது. அழுத்தம் பட்டால் அதில் மின்சாரம் தோன்றும். அதனை அப்படியே ஒயரில் அனுப்பினால் ஒலி சப்பென்று இருக்கும். எனவே இவ்வகைக் கிதார்களின் பக்கவாட்டில் குமிழ்கள் பதித்த ஒரு சிறு பெட்டியும், அதற்கு உணவாக ஒன்பது வோல்ட் பாட்டரியும் வைக்கிறார்கள்.

நிற்க. இன்று நான் சொல்ல வந்த முக்கியமான செய்திக்கு வருகிறேன். அந்தப் பெட்டியில் ‘ஆன், ஆஃப்’ என்று எழுதிய விசை எதுவும் இருக்காது. அவ்வாறாயின் பாட்டரி எப்பொழுது வேலை செய்யத் தொடங்குகிறது? ஒயரின் பிளக்கைக் கிதாரில் செருகிய அந்தக் கணமே!

கிதாரில் இருக்கும் துளைக்கு, அதாவது ஜாக்குக்கு, உள்ளே மூன்று தொடுமுனைகள் உண்டு. நாம் செருகும் பிளக்கில் இரண்டு பகுதிகள்தாம் உள்ளன: ஒரு நுனி, ஒரு நீண்ட உடல். பாட்டரியின் எதிர்முனைக் கம்பியை ஜாக்கின் நடுத் தொடுமுனையில் இணைத்திருப்பார்கள். பிளக் உள்ளே போனதும், அதன் நீண்ட உடல் நடுத் தொடுமுனையையும் வெளித் தொடுமுனையையும் ஒருங்கே தொட்டுவிடுகிறது. சுற்று முழுமை பெறுகிறது, மின்சாரம் ஓடுகிறது. தனி விசை வைக்காமல் பிளக்கையே விசையாக்கிய இந்த எளிய உபாயத்தை நினைக்குந்தோறும் எனக்கு வியப்பு உண்டாகிறது. ஆனால் இதை வாங்குபவரிடம் எடுத்துச் சொல்லும் கடைக்காரர் அரியர்.

இதன் விளைவைப் பாருங்கள். பிள்ளை பயிற்சியை முடித்து, ஆம்ப்ளிஃபையரை அணைத்துவிட்டு, கிதாரைச் சுவரில் சாய்த்து வைக்கிறான். ஒயர் கிதாரிலேயே தொங்குகிறது. ஒலிக் குமிழைச் சுழியத்துக்குத் திருப்பியிருந்தாலும் பயனில்லை. ஒயரின் மறுமுனை வெறுந்தரையில் கிடந்தாலும் பாட்டரி செலவாகிக்கொண்டுதான் இருக்கும். குழாயைத் திறந்துவிட்டு உறங்கப் போவதற்கும் இதற்கும் வேற்றுமை இல்லை. ஒயருக்குப் பதிலாக இக்காலத்தில் கிதாரில் செருகுகிறார்களே, கம்பியில்லாச் சிறு கருவி, அதற்கும் இதே கதைதான்.

ஒரு சிறிய கணக்குப் போடுவோம். ஒன்பது வோல்ட் ஆல்கலைன் பாட்டரியில் ஏறத்தாழ 500 மில்லி ஆம்பியர்-மணி அளவு மின்சாரம் உண்டு. கிதாரின் பக்கப் பெட்டி 4 மில்லி ஆம்பியர் உறிஞ்சுகிறது என்று கொள்வோம். 500ஐ 4ஆல் வகுத்தால் 125 மணி நேரம். நாள்தோறும் ஒரு மணி நேரம் வாசித்து, முடிந்ததும் பிளக்கைக் கழற்றும் பிள்ளைக்கு அந்தப் பாட்டரி நான்கு மாதம் உழைக்கும். அதே கிதாரில் பிளக்கை இரவும் பகலும் விட்டுவைத்தால் 125 மணி நேரம் என்பது ஐந்து நாளும் சில மணியுமே. திங்கட்கிழமை புதிய பாட்டரி போட்டால் சனிக்கிழமை நிகழ்ச்சியில் கிதார் ஊமையாகிவிடும்! இ.எம்.ஜி. வகைப் பிக்அப் ஒன்று 0.08 மில்லி ஆம்பியர் அளவே உண்ணும். இரண்டு இருந்தாலும் மூவாயிரம் மணி நேரம் வரும். ஆயினும் பிளக்கை மறந்தால் அதுவும் நான்கே மாதத்தில் தீர்ந்துவிடும்.

பாட்டரி ஒரேயடியாக நின்றுவிட்டால் தொல்லை குறைவு. யாருக்கும் காரணம் விளங்கிவிடும். அது மெல்ல மெல்லத் தேய்வதுதான் துன்பம். மின்னழுத்தம் இறங்க இறங்க, மெதுவாகத் தீண்டும் சுரங்கள் நன்றாகவே ஒலிக்கும். சற்று ஓங்கி மீட்டினால் மட்டும் ஒலி கரகரக்கும், பிளக்கும். கேட்பவர்கள் என்ன நினைக்கிறார்கள்? பிள்ளையின் கை முரடு என்று நினைக்கிறார்கள். ‘ஏன் இப்படி அடிக்கிறாய்?’ என்று தாய் கடிந்துகொள்கிறாள். நானறிந்த ஒரு சிறுமி இவ்விதம் வசைபட்டே சில வாரம் கிதாரைத் தொடாதிருந்தாள். அவள் தந்தை அதனைப் பழுது பார்க்கும் கடைக்கு எடுத்துச் சென்றார். உட்பலகை முழுவதையும் மாற்ற வேண்டும் என்று அங்கே பெருந்தொகை கேட்டார்கள். வீட்டுக்குத் திரும்பி வந்து பாட்டரியை மாற்றியதும் கிதார் கணீரென்று பாடிற்று. பணம் தப்பியது என்பதைவிட, அந்தக் குழந்தையின் கைமேல் ஏற்பட்ட பழி நீங்கியது என்பதே எனக்குப் பெரிதாகத் தோன்றுகிறது.

இத்தகைய ஐயம் தீர ஒரு மல்ட்டிமீட்டர் போதும். புதிய பாட்டரி ஒன்பதுக்குச் சற்று மேலேயே காட்டும். ஏழரைக்குக் கீழே இறங்கியதை மேடைக்குக் கொண்டு போகாதீர்கள். சற்று நேரம் வாசித்தவுடன் அளப்பது நலம். ஓய்ந்திருந்த பாட்டரி சிறிது தேறி, உள்ளதைவிட மிகுதியாகக் காட்டி ஏமாற்றும்.

பாட்டரி வாங்கும்போது அதன்மேல் பொறித்துள்ள எழுத்துகளைப் படியுங்கள். 6எஃப்22 என்றிருந்தால் அது மலிவான துத்தநாக-கரி வகை. 6எல்ஆர்61 என்றிருந்தால் ஆல்கலைன். விலை கூடுதல்தான், உழைப்பும் அதற்கேற்பக் கூடுதல். மீண்டும் மீண்டும் மின்னேற்றும் நிக்கல் வகையில் 200 மில்லி ஆம்பியர்-மணி அளவே இருக்கும். அடிக்கடி மேடையேறும் பிள்ளைகளுக்குச் சிக்கனம். இப்பொழுது வரும் லித்தியம் மின்னேற்று வகை கடைசிவரை ஒன்பது வோல்ட்டே கொடுத்துவிட்டு, முன்னறிவிப்பின்றி நின்றுவிடக்கூடும். மேடைக்கு அதை நம்பிப் போகிறவர்கள் அன்று காலையிலேயே மின்னேற்றிக்கொள்ள வேண்டும். பக்கப் பெட்டியிலுள்ள சுருதி காட்டும் விளக்கையும் மறவாதீர்கள். பல கிதார்களில் பிளக் செருகாமலேயே அது எரியும், பாட்டரியையும் குடிக்கும்.

தேர்வுக் காலத்தில் கிதாருக்கு மாதக்கணக்கில் ஓய்வு கொடுக்கிறோம். அப்பொழுது பாட்டரியை வெளியே எடுத்துவிடுங்கள். பழைய பாட்டரி கசிந்தால் தொடுமுனைகளைத் தின்றுவிடும். எடுத்த பாட்டரியைச் சாவிக்கொத்தும் சில்லறையும் கிடக்கும் பையில் போடாதீர்கள். அதன் இரு முனைகளும் அருகருகே இருப்பதால், உலோகம் பட்டுச் சூடேறித் தீப்பற்ற இடமுண்டு. தீர்ந்துபோனதைக் குப்பையில் எறிவதும் முறையன்று. 2022ஆம் ஆண்டின் பாட்டரிக் கழிவு மேலாண்மை விதிகள், பழைய பாட்டரிகளைத் திரும்பப் பெறும் பொறுப்பை உற்பத்தியாளர்மீது சுமத்தியுள்ளன.

தாய்மார்களுக்குத் தனியே ஒரு சொல். கிதாரின் தலையில் கவ்வி வைக்கும் சுருதிமானிகளிலும், சில கிதார்களின் உள்ளேயும், சிஆர்2032 என்னும் காசு போன்ற பாட்டரி இருக்கிறது. அண்ணன் கழற்றிப் போட்டதைத் தவழும் தம்பி விழுங்கினால், அது உணவுக்குழாயில் சிக்கி இரண்டே மணி நேரத்தில் கடும் புண்ணை உண்டாக்கும். வாந்தி எடுக்க வைக்க முயல வேண்டாம், காத்திருக்கவும் வேண்டாம். உடனே மருத்துவமனைக்கு ஓடுங்கள். அந்த பாட்டரிகளைக் கைக்கு எட்டாத உயரத்தில் வையுங்கள்.

அடுத்துப் பிள்ளைகளின் இசை நிகழ்ச்சி நடைபெறவிருப்பதாகச் செயலாளர் சைகை காட்டுகிறார். மல்ட்டிமீட்டர் ஒன்றும் புதிய பாட்டரிகள் நான்கும் கொண்டுவந்திருக்கிறேன். வாசிக்கப் போகும் பிள்ளைகள் மேடையேறுமுன் பக்கத்து அறைக்குக் கிதாருடன் வாருங்கள். ஒவ்வொன்றாக அளந்து பார்த்துவிடலாம்.