யந்திர அறிவும் நம் தொழில் முறையும்

(சேதராப்பட்டில் கூடிய நம் சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில் அங்கத்தினர் ஒருவர் நிகழ்த்திய சொற்பொழிவு)



செயற்கை நுண்ணறிவு பரவிவரும் இக்காலத்தில் தொழிலை எவ்வாறு நடத்துவது என்னும் பொருள் பற்றிச் சில வார்த்தைகள் பேசுமாறு காரியதரிசி அவர்கள் எனக்குக் கட்டளையிட்டார்கள். நான் பெரிய படிப்புப் படித்தவன் அல்லன். இச்சேதராப்பட்டுத் தொழிற்பேட்டையில் மருந்துப் புட்டிகளுக்குப் பிளாஸ்டிக் மூடி வார்க்கும் ஒரு சிறு பட்டறையை நடத்தி வருபவன். ஆதலால் நூல்களிற் கண்டதைக் காட்டிலும் பட்டறையிற் கண்டதையே மிகுதியாகச் சொல்லத் துணிகின்றேன். குற்றம் இருப்பின் பொறுத்தருள்க.

முதலாவது, நம் பழங்கதையைச் சிறிது நினைவூட்ட விரும்புகின்றேன். இப்புதுவை நாட்டில் நெய்து அவுரி நீலம் தோய்த்த துணி ஒரு காலத்தில் 'கினே' என்னும் பெயரோடு கப்பலேறி, ஆப்பிரிக்காக் கண்டத்துச் செனகல் வரைக்கும் சென்றது. அங்கே பிசின் வாங்கும் வர்த்தகர்களுக்கு அத்துணியே நாணயம் போல் வழங்கியது. அந்த நீலத்தில் நம் முன்னோர் கையின் உழைப்பும் இருந்தது. பின்னர் யந்திரத் தறி வந்தது. ஐரோப்பாவில் மலிவாக நெய்த துணி சந்தைகளை நிரப்பிற்று. நம்மூரிலேயே ஆலைகள் எழுந்தன. கைத்தறியோடு நின்றவர் மெலிந்தனர்; ஆலைக்குள் கூலிக்குப் புகுந்தவர் வேறு விதமான கஷ்டத்தைக் கண்டனர். 1936-ஆம் ஆண்டு ஜூலை 30-ஆம் நாள், வேலை நேரத்தைக் குறைக்கவும் கூலியை உயர்த்தவும் கோரிய ஆலைத் தொழிலாளர் மீது பிரெஞ்சுப் படையினர் சுட்டதில் 12 பேர் மாண்டனர். அதன் பின்னரே, 1937-இல், எட்டு மணி நேர வேலை என்னும் உரிமை இங்குச் சட்டமாயிற்று. யந்திரம் செல்வத்தைப் பெருக்கும்; அச்செல்வத்தை அதுவே பங்கிட்டுக் கொடுக்காது என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

அவ்வாலைகளும் நிலைத்தனவா? 1898-இல் தோன்றி, ரோடியர் மில் என்று நம் வீடுகளில் வழங்கிய பெரிய ஆலை 2020-இல் மூடப்பட்டது. அதன் சங்கொலி கேட்டுச் சோறு கட்டிய தாய்மார் இச்சபையிலேயே இருக்கின்றீர்கள். அதிகம் சொல்ல வேண்டுவதில்லை.

இரண்டாவது கதை நம் ஊரைப் பற்றியது. விற்பனை வரிச் சலுகையை நாடிப் பல கம்பெனிகள் புதுவைக்கு வந்தன. நாம் அதனை நம் சாமர்த்தியம் என்று எண்ணிக்கொண்டோம். 2017 ஜூலை முதல் நாளில் சரக்கு சேவை வரி நாடெங்கும் அமுலுக்கு வந்தபோது அச்சாமர்த்தியம் கரைந்து போயிற்று. சட்டம் தந்த அனுகூலத்தைச் சட்டமே எடுத்துக்கொள்ளும். கையும் கண்ணும் பழகிப் பெற்ற திறமையை எவரும் எடுத்துக்கொள்ள இயலாது.

இச்சேதராப்பட்டிலேயே எச்.சி.எல். கம்பெனியின் கணிப்பொறித் தொழிற்சாலை இருந்ததை நம் பிள்ளைகளிற் பலர் அறியார். தூத்துக்குடிச் சீமையிற் பிறந்த சிவ நாடாரும் அவர் நண்பர்களும் 1976-இல் தொடங்கிய ஸ்தாபனம் அது. இந்தியாவில் கணிப்பொறி செய்து விற்றோர்களில் அவர்களே முன்னணியில் நின்றனர். ஆயினும், பிற நாடுகளிலிருந்து மலிவான பொறிகள் வந்து குவிந்தபோது, 2013-இல் அத்தொழிலிலிருந்து விலகுவதாக அறிவித்தனர். அதனால் அக்குழுமம் அழிந்துவிடவில்லை. வெகு காலத்திற்கு முன்பே பொறி செய்வதிலிருந்து பொறிக்கு வேண்டிய மென்பொருட் சேவை செய்வதற்குத் தன் பலத்தை மாற்றிக்கொண்டிருந்தது. இதிலிருந்து தொழில் நடத்துவோர் கற்கத்தக்கது யாதெனில், நாம் விற்கும் பொருள் வேறு, நமக்குத் தெரிந்த வித்தை வேறு என்பதாம். பொருள் செல்லாக் காசாகலாம். வித்தையை வேறொரு பொருளில் ஏற்றிக்கொள்ளலாம்.

இப்பொழுது அந்த மென்பொருட் சேவைக்கே சோதனைக் காலம் வந்திருக்கின்றது. 2022 நவம்பர் 30-ஆம் நாள் 'சாட்-ஜி-பி-டி' என்னும் கருவி வெளிவந்தது. கணக்கற்ற எழுத்துகளைப் படித்து, ஒரு சொல்லின் பின் எச்சொல் வரும் என்று கணித்துப் பழகிய யந்திரம் அது. கடிதம் எழுதும், கணக்கு விளக்கும், மென்பொருளும் எழுதித் தரும். அறியாததையும் அறிந்தது போல் சரளமாகச் சொல்லிவிடுவது அதன் குறை. ஆதலின், சரிபார்க்கத் தெரிந்தவனுக்கு அது நல்ல குமாஸ்தா. தெரியாதவனுக்கு ஆபத்தான ஆலோசகன். 2025-இல் டாட்டா கன்சல்டன்சி என்னும் பெரிய ஸ்தாபனம் தன் ஊழியரில் நூற்றுக்கு 2 பேர் வீதம், ஏறக்குறைய 12,000 பேரை விலக்குவதாக அறிவித்தது. "பையன் கம்ப்யூட்டர் படித்துவிட்டான், இனிக் கவலையில்லை" என்று நாம் நிம்மதியாக இருந்த காலம் கழிந்தது.

இனி என் பட்டறைக் கதைக்கு வருகின்றேன். வார்த்த மூடிகளைப் பார்த்து, பிசிறு உள்ளதையும் கரும்புள்ளி விழுந்ததையும் பொறுக்கித் தள்ளும் வேலையில் ஆறு பெண்மணிகள் இருந்தனர். பொறியியல் படித்த என் தங்கை மகன், "மாமா, இதைக் காமிரா வைத்துச் செயற்கை அறிவினால் செய்யலாம்" என்றான். கருவியை வாங்கினேன். ஆனால் ஒரு பிழை செய்தேன். அப்பெண்களிடம் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. பெட்டி வந்திறங்கிய மறுநாள் இருவர் வேலைக்கு வரவில்லை. மற்றவர் முகம் பார்த்துப் பேசவில்லை. தங்களை நீக்கவே அது வந்ததென்று அவர்கள் எண்ணியது நியாயமே. எண்ணும்படி விட்டவன் நான்.

கருவியும் வேலை செய்யவில்லை. நல்ல மூடிகளைக் கழித்துத் தள்ளிற்று. மருமகன் மூன்று நாள் கணிப்பொறியோடு போராடினான். பதினான்கு ஆண்டு என்னிடம் பணி செய்த அம்மையார் ஒருவர், அதுவரை ஒன்றும் பேசாதிருந்தவர், நான்காம் நாள் வந்து, "ஐயா, மூன்று மணிக்கு மேற்கு ஜன்னலில் வெயில் விழுகிறது. அந்நேரத்தில்தான் இந்தக் குளறுபடி. மிஷினுக்குக் கண் கூசுகிறது" என்றார். ஜன்னலுக்குத் திரை போட்டோம். பாதி நோய் தீர்ந்தது.

மீதியும் அவராலேயே தீர்ந்தது. இத்தகைய கருவிக்கு 'இது நல்லது, இது பழுது' என்று ஆயிரக்கணக்கான படங்களைக் காட்டிப் பழக்க வேண்டும். எது பழுது என்று சொல்ல வல்லவர் யார்? என் மருமகன் அல்லன், நானும் அல்லேன். அவ்வம்மையாரே. அவர் தரம் பிரித்த படங்களைக் கொண்டே யந்திரம் கற்றது. இன்று அவர் அக்கருவிக்குப் பொறுப்பாளர், சம்பளமும் உயர்த்தியிருக்கின்றேன். வராமல் நின்ற இருவரின் வீடு தேடிச் சென்று என் பிழையை ஒப்புக்கொண்டேன். ஒருவர் திரும்பி வந்தார். மற்றவர் வரவில்லை. அந்த இடத்திற்கு நான் வேறு ஆள் எடுக்கவில்லை. எடுக்க வேண்டிய வேலையும் இல்லை. இதனை மறைப்பது தர்மமன்று. யந்திர அறிவினால் ஒருவருக்கும் நஷ்டமில்லை என்று மேடையேறிச் சொல்வோரை நம்பாதீர்கள்.

ஆகவே, தலைமை என்பது யாது? புதுக்கருவியை முதலில் வாங்குவது தலைமையன்று. எதை வாங்குகிறோம், ஏன் வாங்குகிறோம், யாருக்கு என்ன நேரும் என்பதைப் பெட்டி திறப்பதற்கு முன்பே சொல்லிவிடுவது தலைமை. புதுமை என்பது யாது? தொழிலாளியின் கண்ணிலும் விரலிலும் உள்ள அறிவைக் கண்டெடுத்துக் கருவியோடு சேர்ப்பதே புதுமை. அவ்வறிவைப் பெறாமல் அவரை அனுப்பிவிடுவோமாயின், ஊற்றை அடைத்துவிட்டுக் குடத்தைத் துலக்குவோர் ஆவோம்.

கடைசியாக, இன்று இச்சபையின் முன் உள்ள தீர்மானத்தைப் பற்றி ஒரு விண்ணப்பம். நம் கலியாண மண்டபத்திற்கு மேல்மாடி எழுப்பச் சேமித்த நிதியை இவ்வாண்டே செலவிட வேண்டும் என்று முன்மொழிந்திருக்கின்றனர். முன்மொழிந்தவர் என் மதிப்பிற்குரிய பெரியவர். மண்டபம் நம் ஒற்றுமையின் அடையாளம் என்பதை நான் மறுக்கவில்லை. ஆயினும், அந்நிதியில் பாதியைக் கொண்டு ஒரு பயிற்சிக் கூடம் தொடங்குவோமா என்று கேட்கின்றேன். ஸ்ரீதர் வேம்பு அவர்கள் தோற்றுவித்த ஜோஹோ கம்பெனி, கல்லூரிப் பட்டம் கேளாமல், பள்ளிப்படிப்பு முடித்த பிள்ளைகளைச் சேர்த்து, கட்டணம் வாங்காமல் உதவித்தொகையும் கொடுத்துப் பயிற்றி, வேலையும் தந்து வருகின்றது. தென்காசிச் சீமைக் கிராமத்திலும் அது நடைபெறுகின்றது. அவ்வளவு பெரிதாக நம்மால் இயலாது. இரண்டு கணிப்பொறியும், ஒரு காமிராவும், மாலையில் இரண்டு மணி நேரமும் நம்மால் இயலும். இத்தொழிற்பேட்டையில் பழகிய கைகள் ஆசிரியராய் அமையட்டும். நம் பட்டறைகளில் உழைப்போர் எக்குலத்தவராயினும் அவர் பிள்ளைகளுக்கும் அங்கே இடம் இருக்கட்டும். அவர் கைப்பட்ட சோற்றையே நாம் உண்கின்றோம்.

மேல்மாடி ஓராண்டு தாமதித்தால் ஒரு கலியாணமும் நின்றுவிடாது. பிள்ளைகளின் கல்வி ஓராண்டு தாமதித்தால், தறியை விட்டு நம் முன்னோர் நின்ற இடத்தில் அவர்களும் நிற்க நேரும். தீர்மானத்தின் மேல் கை தூக்குமுன் இதனைச் சிந்திக்குமாறு வேண்டி அமைகின்றேன்.